தீயணைப்பு வேலையில் 31 வருஷம்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

தீயணைப்போராகச் சேர்ந்து, முன்னணி தீயணைப்போராகி, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். பாதிக்கு மேல் சர்வீஸ் செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில்தான். ஒரு பக்கம் குற்றாலம், இன்னொரு பக்கம் எஸ் வளைவு மலைப்பாதை ஏறி இறங்கினால் கேரளத்து ஆரியங்காவு. தீயைவிடக் கிணறு, அருவி, பாம்பு, கதண்டுக் கூடு என்று ஓடிய நாட்கள்தான் அதிகம். ஒரு வாரமாக வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, பத்தாவது முடிச்சிருக்கேன், ஐ.டி.ஐ. பாதியில நின்னுபோச்சு. தீயணைப்பு வேலைக்குப் போகலாமா? என்ன படிக்கணும்?

போகலாம் தம்பி. தமிழ்நாட்டில் தீயணைப்போர் பணிக்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலரோடு சேர்த்து ஒரே தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், சம்பள விகிதம் 18,200-லிருந்து 67,100 வரை. தமிழ்த் தகுதித் தாள் ஒன்று இருக்கிறது, அதில் தேறினால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள், அதனால் "தமிழ்தானே" என்று விட்டுவிடாதே, அதில் கவிழ்ந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். உயரம், வயசு எல்லாம் வகுப்புவாரியாக மாறும். அந்தந்த அறிவிப்பை வைத்துப் பார், போன தடவை அறிவிப்பை வைத்துக்கொண்டு உட்காராதே.

1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட எல்லாரும் பழகிவிடுகிறார்கள். கயிறு ஏறுவதில்தான் மாட்டுகிறார்கள். ஊரில் புளியமரம் இருக்குமே, ஒரு கயிற்றைக் கட்டி இன்றைக்கே ஆரம்பி. கையால் இழுத்து ஏறாதே, இரண்டு பாதத்துக்கு நடுவில் கயிற்றைப் பூட்டிக்கொண்டு காலால் உந்து. உள்ளங்கை முதல் வாரம் உரியும், அப்புறம் காய்ச்சுப் போய்விடும்.

என் மகள் பி.எஸ்சி. படிக்கிறாள், தீயணைப்புத் துறை மேல ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படுமா?

உங்க கவலை புரியுது அக்கா, ஆனால் அந்தக் கேள்விக்கு 2003-லேயே பதில் சொல்லியாச்சு. அந்த வருஷம் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரும் அதிகாரியாகவே இந்தத் துறைக்குள் வந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் கலச மகால் எரிந்தபோது பிரியா மேடம் உள்ளே நின்று வேலை பார்த்துப் பலத்த தீக்காயம் பட்டார், எங்கள் வீரர் ஒருவர் அங்கேயே உயிரை விட்டார். மாவட்ட அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுத வேண்டும்; உங்கள் மகள் பட்டப்படிப்பு முடித்ததும் அந்தப் பக்கம் திரும்பட்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இப்போது வண்டியில் ஏறி வேலைக்குப் போகும் நிலைக்கே பெண்களை எடுத்திருக்கிறார்கள்.

கேரளாவில் ஒரு இன்ஸ்டிடியூட்ல ஆறு மாச ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, 100 சதவீதம் கல்ஃப் வேலைங்கிறாங்க. ஃபீஸ் கட்டலாமா?

100 சதவீதம் என்று சொன்னாலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடு. எல்லா இன்ஸ்டிடியூட்டும் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் வேலை கொடுக்கிற கம்பெனி எந்தச் சான்றிதழைக் கேட்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டு. முறையாகப் படிக்க நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது, மத்திய அரசினுடையது. நம்ம பக்கத்திலேயே கொச்சிப் பல்கலைக்கழகத்தில், குசாட் என்பார்களே, சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினியரிங்கில் பி.டெக். இருக்கிறது. பன்னிரண்டாவதில் அறிவியல் படித்தவன் என்றால் சி.ஐ.எஸ்.எஃப்., அதாவது மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவுக்கும் எழுதலாம்.

கிணத்துல விஷவாயுங்கிறாங்களே, அது எப்படித் தெரியும்? விளக்கு இறக்கிப் பார்த்தா போதாதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்தில் வருஷா வருஷம் ஆள் போகிறது.

விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், சரி. காற்றில் சாதாரணமாக 20.9 சதவீதம் ஆக்சிஜன், 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்தான இடம் என்று கணக்கு. விளக்கு அணைய அதைவிட நன்றாகக் குறைய வேண்டும். ஆக, விளக்கு எரிகிறது என்று இறங்குகிறவன் ஏற்கெனவே எல்லையைத் தாண்டி இருக்கலாம். இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு இருந்தால் விளக்கு ஒன்றுமே சொல்லாது. சாக்கடைக் குழியில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப் போய் "நாத்தம் போயிருச்சு" என்று நினைப்பான், அதோடு சரி. தீப்பிடிக்கிற மீத்தேன் வாயு இருக்கிற குழியில் விளக்கை இறக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

நான் முன்னணி தீயணைப்போராக இருந்தபோது நடந்தது இது. ஊர் வேண்டாம். சுமார் நாற்பது அடிக் கிணறு, தண்ணீர் கீழே போனதால் டீசல் இன்ஜினையே உள்ளே திட்டில் இறக்கி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இன்ஜின் திணறி நின்றதும் பார்க்க இறங்கினவர் மேலே வரவில்லை, அவரைத் தூக்க இறங்கின தம்பியும் வரவில்லை. நாங்கள் போனபோது மூன்றாவதாக மூத்த அண்ணன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார், நாலு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் அணிப் பையன் ஒருத்தன் சட்டையைக் கழற்றிவிட்டு "நான் மூச்சைப் பிடிச்சிட்டு இறங்குறேன்"ங்கிறான். நான் இறங்க விடவில்லை. மூச்சுக்கருவி மாட்டி, முகமூடி கசிகிறதா பார்த்து, இடுப்புக் கயிறு கட்டி முடிக்க ஏழெட்டு நிமிஷம். அந்த ஏழெட்டு நிமிஷமும் அந்த அண்ணன் என் காலரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஊரே திட்டியது. இரண்டு பேரையும் உடலாகத்தான் எடுத்தோம்.

அமெரிக்காவில் 1986-ல் வெளியிட்ட ஒரு அரசு எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. அந்தக் கிணற்றில் இரண்டில் ஒருவர். நான் விட்டிருந்தால் நாலில் மூன்று.

எங்க வீட்டுக்காரர் தீயணைப்பில் இருக்கார். மோசமான ஒரு கேஸுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாள் பேச மாட்டார், பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுவார். கேட்டா "ஒண்ணுமில்ல"ம்பார். என்ன செய்ய?

தங்கச்சி, உன் கடிதத்தை என் வீட்டம்மாவும் படித்தாள், "இதை நான் எழுதலையே" என்று சிரித்தாள். அவர் உன் மேல் கோபமாக இல்லை. குழந்தைகளைத் தூக்கின கையால் வீட்டுக்கு வந்து சொந்தப் பிள்ளையைத் தூக்க முடியாமல் நிற்பான் மனுஷன், அதை வெளியே சொல்லத் தெரியாமல் டி.வி. சத்தத்துக்குச் சண்டை போடுவான்.

"என்ன நடந்துச்சு சொல்லுங்க" என்று வந்ததும் பிடுங்காதே. நிலையத்திலும் இந்தத் தப்பை இப்போது செய்கிறார்கள், எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துக் கட்டாயமாகப் பேச வைப்பது. அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கூடுதலாகவே வலிக்கும் என்று ஆராய்ச்சி செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். குளிக்கட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். கூடப் போன ஆளோடு ஒரு டீக்கடையில் நிற்க விடு, அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நாலு நாளில் இலகுவாகிவிட்டால் பயமில்லை. ஒரு மாசம் தாண்டியும் தூக்கத்தில் அலறுகிறார், அந்தத் தெரு வழியாகவே போக மறுக்கிறார், குடி கூடியிருக்கிறது என்றால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம், வெட்கப்பட ஒன்றுமில்லை. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, காசில்லை, தமிழில் பேசுவார்கள். அவர் கூப்பிட மாட்டார் என்றால் நீயே முதலில் கூப்பிட்டுக் கேள்.

கேரளத் தீயணைப்புப் படையில் எனக்கு ஒரு நண்பர், 2016 ஏப்ரல் 10-ல் கொல்லம் பக்கம் புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கை வெடித்ததே, நூறு பேருக்கு மேல் போனார்களே, அங்கே வேலை பார்த்தவர். இன்றைக்கும் திருவிழா என்றால் வெடி தொடங்கும் முன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தெரிந்தவர்கள் கூடவே கிளம்பிவிடுவார்கள்.

புகையால கேன்சர் வரும்னு படிச்சேன், உண்மையா சார்? நாங்க ஸ்டேஷன்ல கோட்டை அப்படியே ஆணியில மாட்டிடுறோம்.

உண்மை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, பீடியும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற பிரிவு. அடுத்த வருஷமே கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை மலை பத்து நாளுக்கு மேல் புகைந்ததே, அதன் முன்னால் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் காலத்தில் கரி பிடித்த கோட்டுதான் கௌரவம். புதுசாக வந்தவன் கோட்டு சுத்தமாக இருந்தால் கிண்டல் பண்ணுவோம். முட்டாள்தனம். அந்தக் கரி கழுத்து, அக்குள் தோல் வழியாக உள்ளே போகிறது, வியர்த்துச் சூடாக இருக்கும்போது இன்னும் வேகமாக. திரும்பும் முன்பே அங்கேயே ஹோஸால் கோட்டைக் கழுவுங்கள், கழுத்தையும் கையையும் துடையுங்கள், நிலையத்துக்கு வந்ததும் குளியல், அப்புறம்தான் டீ. கோட்டைப் படுக்கிற அறையில் மாட்டாதீர்கள், பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். தீ அணைந்து வெறும் புகைச்சலாக இருக்கும்போதுதான் எல்லாரும் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கிளறுவார்கள், விஷம் அப்போதும் குறைவில்லை.

உடம்பை எப்படி வச்சுக்கிறது அண்ணாச்சி?

பிரானூர் பார்டர் பரோட்டாவை மாசத்துக்கு ஒரு தடவையாகக் குறை. கிண்டலுக்குச் சொல்லவில்லை, அமெரிக்காவில் பணியின்போது சாகிற தீயணைப்பு வீரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மாரடைப்பில்தான் போகிறார்கள், தீயில் இல்லை. தூங்கிக்கொண்டிருக்கிறவன் மணி அடித்ததும் எழுந்து ஓடுகிறான் பார், அந்த ஒரு நிமிஷம் நெஞ்சுக்குப் பெரிய வேலை. நாற்பது தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி.

புதுசா முன்னணி தீயணைப்போர் ஆகியிருக்கேன். என்னைவிட வயசுல மூத்தவங்க என் கீழ. எப்படி நடத்துறது?

பெயர் சொல்லிக் கூப்பிடாதே, அண்ணேன்னே கூப்பிடு, ஆனால் சம்பவ இடத்தில் சொல்வதை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும், அதை நிலையத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். தப்பை நாலு பேர் முன்னால் சொல்லாதே, பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்.

எண்ணிக்கை உன் வேலை. உள்ளே யார் போனது, எத்தனை மணிக்கு, மூச்சுக்கருவிச் சிலிண்டரில் எவ்வளவு காற்று. 6.8 லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் நிறைந்திருந்தால் சுமார் 2000 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டு 50 நிமிஷம் வரும் என்று புத்தகம் சொல்லும். பயந்தவனும் பாரம் தூக்குகிறவனும் அதில் இரண்டு மடங்கு இழுப்பான். காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கிற விசில் 50, 55 பாரில்தான் கத்தும், அதற்குள் அவன் வெளியே வரும் வழியில் இருக்க வேண்டும். நான் சாக்பீஸால் வண்டிக் கதவில் எழுதுவேன். மேலதிகாரி ஒருவர் "என்னய்யா பள்ளிக்கூடமா நடத்துறே" என்றார். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

மேலிருந்து தப்பான உத்தரவு வந்தால்? "சார், கூரை தாங்காது, உள்ள ஆள் இல்லைன்னு உறுதியாயிருச்சு, வெளிய இருந்து அடிக்கிறோம்" என்று காரணத்தோடு சத்தமாகச் சொல், பக்கத்தில் இருக்கிறவன் காதில் விழுகிற மாதிரி. "முடியாது" என்று மட்டும் சொன்னால்தான் சண்டை.

வைக்கோல் லாரி தீப்பிடிச்சா டிரைவர் என்ன செய்யணும்? பார்டர்ல அடிக்கடி பார்க்கிறேன்.

கரண்ட் கம்பியில் உரசித்தான் முக்கால்வாசி பிடிக்கிறது. வீடு, பெட்ரோல் பங்க் இல்லாத இடமாக ஓரம் கட்டி, இறங்கி, தள்ளி நில். மேலே ஏறித் தள்ள முயலாதே, கம்பி இன்னும் தொட்டுக்கொண்டிருக்கலாம். 101 அல்லது 112. புளியரை தாண்டினால் சில சமயம் போன் டவர் மாறி அழைப்பு கேரளப் பக்கத்தில் போய் விழும், பயப்படாதே, இடத்தைச் சரியாகச் சொன்னால் அவர்கள் எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். மேலே தண்ணீர் அடித்தால் மட்டும் அணையாது, கட்டுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும், ஜே.சி.பி. வைத்து இழுத்துப் போட்டு நனைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆகும்.

அந்தக் கிணத்துக் குடும்பத்தை அப்புறம் பார்த்தீங்களா?

பார்த்தேன். என் மச்சான் வீடு அந்த ஊரில்தான், வருஷத்துக்கு நாலு தடவையாவது போகிறேன். கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள், இன்ஜின் இப்போது மேலே மேட்டில் இருக்கிறது. அவர்களுடைய அம்மா இருந்தவரைக்கும் என்னைக் கண்டால் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார். அந்த அண்ணன் மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசியதில்லை.