ரேஷன் அரிசி, ஐந்து டீ, 78 கிலோ: வாசகர் கேள்வி – பதில்

நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன். காலையில் ஒரு டீயோடு கிளம்பினால் மூன்று மணிக்குத்தான் சோறு. அப்படியிருந்தும் 5 அடி உயரத்துக்கு எடை 78 கிலோ. ஆஸ்பத்திரியில் "வாயைக் கட்டு" என்கிறார்கள். இதற்கு மேல் எதைக் கட்டுவது?
– வாசகி, திருவொற்றியூர்

வாயைக் கட்டச் சொல்வது உங்களுக்குப் பொருந்தாத அறிவுரை. உங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் எவ்வளவு வருகிறது என்று முதலில் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. அதை நாலு பேருக்கு முப்பது நாள் பங்கிட்டால் ஆளுக்கு தினமும் 8 கிராம்தான். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. புரதம் இல்லாமல் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசி திரும்பிவிடும். அந்தப் பசிக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது டீயும் பஜ்ஜியும்தான்.

டீயிலிருந்து தொடங்குங்கள், செலவே கிடையாது. காலையில் ஒன்று, வேலை செய்யும் நாலு வீட்டிலும் ஒவ்வொன்று என்று, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு ஐந்து டீ என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. ஒரேயடியாக நிறுத்தினால் நாலே நாளில் பழையபடி ஆகிவிடும். முதல் இரண்டு வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் ஒன்று, பிறகு அரை என்று இறங்குங்கள். வேலை செய்யும் வீடுகளிலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காலை வேளை. வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். ஓர் அவித்த முட்டை, அல்லது முந்தின இரவே ஊறவைத்து அவித்த தட்டைப்பயறோ நிலக்கடலையோ ஒரு கைப்பிடி போதும். மதியம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ பருப்போ வையுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தி மலிவு. ஆனால் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றும்போதுதான் அளவு தப்புகிறது; ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் சொல்லி, மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியும். 50 கிலோவுக்கு வந்தே தீரவேண்டும் என்று யாரும் உங்களை மிரட்ட வேண்டியதில்லை.

உடல் பருமன் பணக்காரர்களின் பிரச்சினைதானே?
– வாசகர், கும்பகோணம்

இந்தியாவில் இன்றும் வசதியானவர்களிடம்தான் அதிகம். ஆனால் அது அவர்களோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் நான்காவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30.9 சதவீதம், ஐந்தாவதில் 40.4. இங்கிலாந்தில் இது ஏற்கெனவே தலைகீழாகிவிட்டது: வறிய பகுதிப் பெண்களிடம்தான் பருமன் மிக அதிகம். நாமும் அங்கே போய் நிற்கும் முன் விழித்துக்கொள்ள வேண்டும். வசதி உள்ளவர் நல்ல உணவையும் மருத்துவரையும் பணம் கொடுத்துப் பெறுவார். தினக்கூலிக்குப் போகிறவர் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாலை நேர மருத்துவமனைகள் இன்னும் பரவலாக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் தையல் மெஷினில் உட்காருகிறேன். வீடு வந்தால் இருட்டிவிடுகிறது. எங்கே, எப்போது நடப்பது?
– வாசகி, அவினாசி அருகே

வாரம் 150 நிமிடம் போதும். அதையும் துண்டு துண்டாக நடக்கலாம். கம்பெனி வளாகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி 10 நிமிடம், இரவு வாசலில் 10 நிமிடம். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை வீதம் இரண்டு சுற்று செய்யுங்கள். முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலியில் செய்யலாம்.

இருட்டைத் தனி ஆளாகச் சமாளிக்க முடியாது. கிராம சபையில் பேசுங்கள்; ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூட்ட நாட்கள். "வசதி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் பதிவேட்டோடு போய்விடும். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை, பள்ளி மைதானத்தை மாலை எத்தனை மணிக்குப் பெண்களுக்குத் திறக்க வேண்டும் என்று எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

குளிர்பானத்துக்கு வரி போட்டால் அடிபடுவது ஏழைதானே?
– கல்லூரி மாணவர், மதுரை

நியாயமான கவலை. மெக்சிகோ 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. அந்த ஆண்டு முடிவில் வாங்குவது அதிகம் குறைந்தது வருமானம் குறைந்த குடும்பங்களில்தான். அவர்களுக்குத் தண்ணீர் எளிதாகக் கிடைத்தால் இது சுமையாகாது. குழாயில் நல்ல தண்ணீர் வராத ஊரில் வரி மட்டும் போடுவது அநீதி.

வரியை எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டன் 2018-ல் சர்க்கரை அளவைப் பொறுத்து வரி வைத்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழ் இருந்தால் வரியே இல்லை. கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. குடிப்பவர் பழக்கத்தை மாற்றாமலே பலன் பெற்றார். நம் ஜிஎஸ்டி, சோடா பானத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம். அளவுப்படி வரி வைத்து, அந்தப் பணத்தில் ரேஷன் பருப்பை ஒரு கிலோவிலிருந்து மூன்றாக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தெரிந்தவர் எடை குறைக்கும் பொடி விற்கிறார். தவணையில் வாங்கலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், விற்க உரிமம் இருப்பதைத்தான் காட்டும். எடை குறையும் என்பதற்குச் சான்று ஆகாது. அந்தத் தவணைப் பணத்தில் முட்டையும் பயறும் வாங்குங்கள்.