அறிஞர் ஒருவர் வேலையில் இருப்பதாக வரைந்த ஓவியத்தை எப்படிப் பார்த்துப் புரிந்துகொள்வது? உதாரணத்துக்கு, டச்சு ஓவியர் வெர்மீரின் 'புவியியலாளர்'?

முதலில் கையைப் பாருங்கள், அப்புறம் கண்ணை. பொருள்களுக்குக் கடைசி இடம். பலர் எடுத்த எடுப்பிலேயே 'அந்த உருண்டைக்கு என்ன அர்த்தம்' என்று குறியீடு தேடப் போய்த்தான் சறுக்குகிறார்கள்.

'புவியியலாளர்' 1669இல் வரைந்தது; ஃபிராங்க்ஃபர்ட் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரை மீட்டர் உயரம்தான். வலது கையில் கவராயம், அதாவது வரைபடத்தில் தூரம் அளக்கும் இருகால் கருவி. ஆனால் முனை தாளைத் தொடவில்லை, அந்தரத்தில் நிற்கிறது. இடது கை புத்தகத்தின்மேல் ஊன்றியிருக்கிறது. உடம்பு இன்னும் மேசைமேல் சாய்ந்தபடியே இருக்க, தலை மட்டும் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. அளந்துகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். படம் அந்த நிறுத்தத்தைப் பற்றியது.

இது ஊகமில்லை. வெர்மீர் முதலில் தலையைக் குனிந்த நிலையில்தான் வைத்திருந்தார். கவராயமும் நேர்கீழாக இறங்கியிருந்தது. முக்காலிமேல் ஒரு தாளும் கிடந்தது. தலையையும் கவராயத்தையும் மாற்றி, தாளை நீக்கியே விட்டார். ஓவியர் ஹோல்பைன் 1523இல் வரைந்த அறிஞர் எராஸ்மஸின் படத்தை (பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இமை தாழ்ந்திருக்கிறது, பேனா தாள்மேல் ஓடுகிறது. எராஸ்மஸுக்கு எழுதுவதே யோசிப்பது.

ஒளியை 'ஞான ஒளி' என்று சொல்லிவிடாதீர்கள். வேறு படங்களில் கடிதம் படிக்கும் பெண்ணுக்கும் பால் ஊற்றும் பெண்ணுக்கும் வெர்மீர் அதே இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தைத்தான் கொடுத்தார்.

பொருள்களுக்கு ஒரே சோதனை: இந்த வேலைக்கு இது பயன்படுமா? அலமாரிமேல் வரைபடக் கலைஞர் ஹோண்டியஸின் உலக உருண்டை, இந்தியப் பெருங்கடல் நம் பக்கம் பார்க்க. சுவரில் ஐரோப்பியக் கடற்கரைகளின் வரைபடம். ஜன்னல் சட்டத்தில் தொங்கும் குறுக்குக் கோல், கப்பலில் சூரியனின் உயரத்தை அளக்கும் கருவி. எல்லாமே கடல் சமாச்சாரம். கப்பல் ஏறாமல் அறைக்குள்ளேயே கடலை அளக்கிறவர் இவர். ஜப்பானிய பாணி அங்கியைக் 'கீழைத்தேய ஞானம்' என்று படிக்க வேண்டாம். அன்றைய டச்சுப் படிப்பாளிகள் வீட்டில் போட்டுக்கொண்ட உடை அது.

இதற்கு மாடல் நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக் என்று அடிக்கடி சொல்வார்கள். வெர்மீரும் அவரும் 1632இல் டெல்ஃப்டில் பிறந்தவர்கள் என்பது உண்மை. மாடலாக நின்றதற்கு ஆவணம் கிடையாது.

அடுத்து வெர்மீரின் 1668ஆம் ஆண்டு 'வானியலாளர்' படத்துக்குப் போங்கள். அங்கே கையில் கருவியே இல்லை. விரல்கள் நேராக விண்மீன்களைக் காட்டும் வான உருண்டையைத் தொடுகின்றன.