மனிதர்களே வதைபடும் நாட்டில் மாட்டுக்காக ஏன் பேச வேண்டும்?

கேள்வி இதுதான்: "கோடிக்கணக்கான மனிதர்கள் துன்பத்தில் இருக்கும்போது மிருகவதையைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு இல்லையா?"

இல்லை என்பதுதான் என் பதில். எனக்கு ஊர் விழுப்புரம் பக்கம். மேற்கு மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையில் பல வருடங்கள் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தேன். கரும்பு வண்டி இழுக்கும் மாடுகளையும் அந்த வண்டியை ஓட்டி வரும் குடும்பங்களையும் தினமும் பார்த்த பிறகு, "முதலில் மனிதனா, மிருகமா?" என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. அங்கே மாட்டை வதைப்பதும் மனிதனை வதைப்பதும் ஒரே கணக்குதான். அந்தக் கணக்கைச் சொன்னால் நான் சொல்வது புரியும்.

மகாராஷ்டிராவிலேயே மராத்வாடா மழை குறைந்த பகுதி. அதிலும் பீட் மாவட்டத்தில் மழைக்காலம் முடிந்ததும் ஊர் ஊராகக் காலியாகிவிடும். அக்டோபர், நவம்பரில் கிளம்பி மேற்கு மகாராஷ்டிராவில் சாங்லி, கோலாப்பூர், சாத்தாரா, கர்நாடகத்தில் பெலகாவி என்று கரும்பு வெட்டப் போய், ஏப்ரல் வாக்கில்தான் திரும்புவார்கள். போகும் முன்பே முகாதம் என்கிற ஆள்பிடிக்கும் மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிடுவார். அது ஒரு ஆளுக்குக் கொடுப்பதில்லை, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. அந்த ஜோடிக்குப் பெயரே கொய்தா, அதாவது அரிவாள். இருவரில் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம். அது கடனோடு சேரும். பருவம் முடிந்தும் முன்பணம் தீரவில்லை என்றால் அடுத்த வருடமும் அதே முகாதமிடம் போக வேண்டும். வண்டி மாடு வைத்திருப்பவர்களுக்கு மாடு வாங்கிய கடன் வேறு.

இதில் பெண்களின் உடம்பு என்ன ஆகிறது என்பது 2019-ல் வெளியே வந்தது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் மகாராஷ்டிர அரசு கணக்கெடுத்தது. 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. பலர் இளம் வயதினர். மாதவிடாய் நாளில் குனிந்து நிமிர்ந்து கரும்பு வெட்டவும் முடியாது, லீவு எடுத்தால் அபராதம். தங்கியிருப்பதோ கழிப்பறையோ தண்ணீரோ இல்லாத தோகைக் குடிசையில். வலி என்று போன இடத்தில், பயத்தைக் கிளப்பி அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்த தனியார் மருத்துவர்களும் இருந்தார்கள்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். கூலி டன் கணக்கு. 2024-ல் நடந்த பேச்சுவார்த்தையில் அதை 34 சதவீதம் உயர்த்தினார்கள், ஆனால் இன்னும் டன் கணக்குதான். விடியும் முன்பே வெட்டத் தொடங்குவார்கள். மதியத்துக்கு மேல் வண்டி கட்டி, சாயங்காலம் ஆலை வாசலுக்கு வந்தால் முன்னால் நீளமான வரிசை நிற்கும். எடை போட்டு, இறக்கி, குடிசைக்குத் திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். ஆக ஒரு நாளைக்கு ஒரு நடைதான். அந்த ஒரே நடையில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றினால்தான் கடன் கொஞ்சமாவது குறையும். அதனால் மாட்டின் தலைக்கு மேல் கோபுரம் மாதிரி கரும்பு நிற்கும். ஆலை வாசலுக்கு முன் கொஞ்சம் மேடு இருந்தால் போதும், மாடு முன்னங்கால் மடங்கி விழும். மனைவி பின்னால் சக்கரத்தைத் தள்ளுவாள், கணவன் வாலை முறுக்குவான், குச்சியால் குத்துவான். கழுத்துக் காய்ப்பு உடைந்து புண்ணாகி, அதன் மேலேயே மறுநாளும் நுகத்தடி ஏறும். மாடு பக்கவாட்டில் சாயாமல் இருக்க நுகத்தடியில் ஆணி அடித்திருந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

கொடுமையா என்றால் கொடுமைதான். கடன் இருக்கிறது என்பதற்காக அந்த ஆணியை நான் நியாயப்படுத்த மாட்டேன். யார் எந்தக் கஷ்டத்தில் குத்தினாலும் மாட்டுக்கு வலி ஒன்றுதான். ஆனால் அதே மனிதர் குடிசைக்குப் போனதும் தான் சாப்பிடும் முன் மாட்டுக்குக் கொழுந்தாடை (கரும்பின் நுனித் தோகை) நறுக்கிப் போட்டு, மஞ்சள் குழைத்துப் புண்ணில் தடவுவார். நம் மாட்டுப் பொங்கல் போல அவர்களுக்குப் பைல் போளா. அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, போளி செய்து ஊட்டுவார்கள். அது நடிப்பு இல்லை. இவர்களை "ஈரமில்லாத ஜனங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வரும்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது வருடத்துக்கும் மேலாக அதேதான். 1965-ல் வந்த விதிகள் நன்றாகவே எழுதப்பட்டவை: ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 வரை வண்டி கட்டக் கூடாது, ஆணி வைத்த குச்சியோ நுகமோ பயன்படுத்தக் கூடாது. மாட்டின் அளவையும் வண்டியின் வகையையும் பார்த்து உச்ச பாரமும் வகுத்திருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது இதுதான். பாரம் மீறியதற்குச் சாட்சி தேடி எங்கும் அலைய வேண்டாம். ஆலையின் எடைமேடையே ஒவ்வொரு வண்டிக்கும் நேரம், வண்டி எண், எடை எல்லாம் போட்டுச் சீட்டு அச்சடித்துத் தருகிறது. குற்றம் தினமும் ஆயிரக்கணக்கில் எழுத்தில் பதிவாகிறது, அந்தச் சீட்டை வைத்துத்தான் கூலியும் கணக்காகிறது. ஆனால் எப்போதாவது பிடிபடுகிறவன் குச்சி வைத்திருக்கும் வண்டிக்காரன் மட்டும். வரிசையை அவ்வளவு நீளமாக விட்டவர்கள் பக்கம் யாரும் போவதில்லை.

மாட்டின் மேல் இரக்கப்பட்டுப் போட்ட சட்டமும், மனிதனை மறந்துவிட்டால் மாட்டுக்கே திரும்பி வந்து விழுகிறது. 2015-ல் மகாராஷ்டிராவில் எருதுகளை அறுப்பதற்கும் தடை வந்தது. பசுவுக்கு ஏற்கெனவே தடை இருந்தது. அதுவரை வேலைக்கு ஆகாத மாட்டைச் சந்தையில் விற்று, மேலே கொஞ்சம் போட்டு இளம் மாடு பிடிப்பார்கள். தடைக்குப் பிறகு கிழட்டு மாட்டுக்கு விலை விழுந்தது. தனக்கே தண்ணீர் இல்லாத வறட்சி வருடத்தில் அந்த மாட்டுக்கு ஒருவன் எங்கிருந்து தீனி போடுவான்? சிலர் அவிழ்த்து விட்டார்கள். சிலர் நொண்டி மாட்டையே இன்னொரு பருவம் வண்டியில் பூட்டினார்கள். அந்தத் தடையை நான் எதிர்ப்பது எந்த மதத்துக்காகவும் இல்லை, அந்த நொண்டி மாட்டைப் பார்த்ததால்தான்.

"சரி, டிராக்டர் வந்தால் தீர்ந்துவிடாதா?" மாட்டுக்குத் தீரும். இப்போது நிறைய இடங்களில் டிராக்டரும் லாரியும்தான். ஆனால் மாட்டு வண்டி தரையோடு இருந்ததால் கரும்பை எளிதாக அடுக்கலாம். லாரிக்கு அப்படி முடியாது. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துச் சாய்த்த பலகையில் ஏறிப் போய்ப் போட வேண்டும், அதுவும் லாரி எந்நேரம் வருகிறதோ அந்நேரம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், கர்ப்பிணிகள் உட்பட. மாட்டை விடுவித்ததற்காக நான் சந்தோஷப்படுகிறேன், ஆனால் அந்தப் பாரம் இவர்கள் தலைக்கு ஏறியதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. கரும்பு வெட்ட முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட இருளர் குடும்பங்களைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் மீட்டு விடுதலைச் சான்று கொடுத்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்கு ஆலைக்காரனின் பார்வைதான் உண்டு. சின்னச் சின்ன நல்ல வேலைகள் நடக்கின்றன. 2022-ல் சாங்லி மாவட்டம் இஸ்லாம்பூரில் பொறியியல் மாணவர்கள் நுகத்துக்குக் கீழே ஒரு உருளும் சக்கரம் பொருத்தி, கழுத்தில் இறங்கும் பாரத்தைக் குறைத்துக் காட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த முயற்சி. ஆனால் வரிசை அப்படியே இருந்தால், மிச்சமான அந்தப் பலத்துக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கரும்பு ஏற்றுவார்கள்.

வரிசையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எந்த வயலுக்கு எப்போது வெட்டு உத்தரவு கொடுப்பது என்பது ஆலையின் கையில் இருக்கிறது. வண்டிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுப்பதும், தனி எடைமேடை ஒதுக்குவதும் பெரிய செலவு இல்லை. காத்திருக்கும் நேரம் பாதியானால் பாரம் குறைந்த இரண்டு நடை அடிக்கலாம், அதே கூலி கிடைக்கும். அப்புறம், எடைமேடைக் கணினியில் உச்ச பாரத்தைப் பதிந்துவிட்டு, அதைத் தாண்டினால் பொறுப்பு ஆலைக்கு என்று விதி செய்ய வேண்டும். கூலியை உயர்த்தாமல் இதை மட்டும் செய்தால் அடி வண்டிக்காரன் வயிற்றில் விழும், அதனால் இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டும். மிருகநல அமைப்புகளும் கரும்புத் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்களுக்கு இரண்டில் எந்தப் பக்கம் ஆள் தெரிந்தாலும் மற்ற பக்கத்தோடு பேசச் சொல்லுங்கள்.