கட்டடத்தின் ஹீட்டிங் கன்ட்ரோலர் நெட்டில் இருக்கிறது, டிடாஸ் தாக்குதல் (பல கம்ப்யூட்டர்களிலிருந்து ஒரே நேரத்தில் டிராஃபிக்கைக் குவித்து முடக்குவது) வந்தால் எப்படிக் காப்பாற்றுவது?

முதலில், கன்ட்ரோலரை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். 2016 இறுதியில் பின்லாந்தின் லப்பேன்ரந்தா நகரில் இரண்டு குடியிருப்புக் கட்டடங்களில் நடந்தது இதுதான்: குவிந்த டிராஃபிக்கைத் தாங்காமல் ஹீட்டிங்கை நடத்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது, எழுந்ததும் மறுபடி அடி, மறுபடி ரீஸ்டார்ட், கடைசியில் அந்தக் குளிரில் ஹீட்டிங்கே நின்றுபோனது. இதற்குப் பாஸ்வேர்டை உடைக்கவே தேவையில்லை, பாருங்கள்.

அதனால் வேண்டாத டிராஃபிக்கைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் தனி நெட்வொர்க், வெளியிலிருந்து வருபவருக்கு விபிஎன் (அனுமதி உள்ளவர் மட்டும் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) மட்டும். சரி, ஃபயர்வாலே திணறினால்? நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். லைன் போனாலும் வால்வும் தெர்மோஸ்டாட்டும் கடைசி செட்டிங்கில் தானாக ஓட வேண்டும். அப்புறம், சிஸ்டத்தைப் பொருத்தியவரின் பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டிங் ஓடுகிறதா என்று ஒரு மணி நேரம் வேடிக்கை பாருங்கள்.