பாரி சாண்டர்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக்கின் வேலை என்ன? அந்த இடத்தில் ஆடியவர்களில் பாரி சாண்டர்ஸை மட்டும் ஏன் தனித்துப் பேசுகிறார்கள்?

பதில்: அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, தன் அணியின் தடுப்பாளர்கள் திறந்துவிடும் இடைவெளியில் புகுந்து ஓடுவதே அவரது முதன்மையான வேலை. பெரும்பாலான ரன்னிங் பேக்குகள் அந்த இடைவெளி அடைபட்டிருந்தாலும் முட்டி மோதி இரண்டு மூன்று யார்டாவது (ஒரு யார்டு சுமார் 0.9 மீட்டர்) சேர்த்துவிடுவார்கள். 1989 முதல் 1998 வரை டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக ஆடிய சாண்டர்ஸோ அந்த இடத்தில் சட்டென்று நின்று, தேவைப்பட்டால் பின்னால் வந்து, மைதானத்தின் மறுபக்கத்தில் வேறொரு வழியைத் தேடுவார்.

கேள்வி: ஐந்தடி எட்டங்குல உயரம் அவருக்குக் குறையாக இருக்கவில்லையா?

பதில்: இல்லை, அதுவே அவருக்குப் பலமாக அமைந்தது. தடித்த தொடைகளும் தரைக்கு நெருக்கமான உடற்கட்டும் இருந்ததால், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, அடுத்த அடியிலேயே வேறு திசையில் அதே வேகத்தை எட்ட அவரால் முடிந்தது. துரத்தி வந்தவர்கள் அவர் இருந்த இடத்தைக் கடந்து போய்விடுவார்கள். 1992 ஜனவரியில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியை லயன்ஸ் 38-6 என்று வென்ற பிளே ஆஃப் (பருவத்தின் வழக்கமான ஆட்டங்களுக்குப் பின் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தில், எதிரணியினரின் குவியலுக்குள் சிக்கி முடிந்துவிட்டார் என்று தோன்றிய கணத்தில் வெளியே வந்து, 47 யார்டு ஓடி டச் டவுன் எடுத்தார், அதாவது எதிரணியின் இறுதிக் கோட்டைப் பந்துடன் எட்டினார்.

இந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது. வழி தேடிப் பின்னால் ஓடும்போது பிடிபட்டால் இருந்த யார்டும் போய்விடும். 1994 பருவத்தின் பிளே ஆஃப் ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அவரை 13 ஓட்டங்களில் மொத்தம் மைனஸ் 1 யார்டுக்குள் அடக்கியது. லயன்ஸ் 16-12 என்று தோற்றது. அதே பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் 1,883 யார்டு ஓடியவரும் அவரே. இரண்டும் ஒரே துணிச்சலின் விளைவுகள் என்பதால், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை மதிப்பிடுவது சரியாகாது.

கேள்வி: 1997 பருவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்தே அவர் எடுத்தது 53 யார்டு. அதன்பின் மீதமிருந்த 14 ஆட்டங்களிலும் தொடர்ந்து நூறு யார்டுக்குக் குறையாமல் ஓடி, 2,053 யார்டுடன் பருவத்தை முடித்தார். ஒரே பருவத்தில் 2,000 யார்டைக் கடந்த மூன்றாவது வீரரான அவர், அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை கிரீன் பே குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுடன் பகிர்ந்துகொண்டார். ஆனால் அந்த எல்லையைக் கடந்த நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டத்திலேயே அவருடைய சக வீரர் ரெஜி பிரவுன் தண்டுவடத்தில் காயமுற்று மூச்சு நின்று மைதானத்தில் கிடந்தார். முதலுதவியால் அவர் உயிர் பிழைத்தாலும் அவரது ஆட்ட வாழ்க்கை அத்துடன் முடிந்தது. அந்தச் சாதனையைப் பற்றிப் பேசுபவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: வால்டர் பேட்டனின் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது ஏன் ஓய்வு பெற்றார்?

பதில்: அப்போது ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் அதிக யார்டு ஓடியவர் என்ற சாதனை சிகாகோ பேர்ஸ் ரன்னிங் பேக் பேட்டனுடையது. அவரது 16,726 யார்டை எட்ட சாண்டர்ஸுக்கு இன்னும் 1,457 யார்டே தேவைப்பட்டது; 1998-இல் மட்டும் அவர் 1,491 யார்டு ஓடியிருந்தார். இருந்தும் 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கவிருந்த நேரத்தில், தன் சொந்த ஊரான விச்சிட்டாவின் நாளிதழுக்கு ஃபேக்ஸ் அனுப்பி விலகிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 31. ஓய்வுக்குத் தள்ளும் பெரிய காயம் எதுவும் இல்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்ததிலும் நல்ல வீரர்களைக் கைவிட்டதிலும் தான் மனம் சலித்ததாகப் பின்னாளில் சொன்னார். பத்து ஆண்டுகளில் அவர் கண்ட பிளே ஆஃப் வெற்றி, மேலே சொன்ன டாலஸ் ஆட்டம் ஒன்றுதான். ஒப்பந்தத்தின்போது பெற்ற போனஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் நேர்ந்தது.

என்னைப் பொறுத்தவரை அந்த முடிவு வியப்புக்குரியதல்ல. முதல் பருவமான 1989-இன் கடைசி ஆட்டத்தில், இன்னும் 10 யார்டு ஓடினால் அந்தப் பருவத்தில் அதிக யார்டு ஓடிய கிறிஸ்டியன் ஒகோயாவின் 1,480-ஐச் சமன் செய்யலாம் என்ற நிலையில், வெற்றி உறுதியாகிவிட்டதால் மீண்டும் களமிறங்க மறுத்தவர் அவர். டச் டவுன் எடுத்த பின்னும் ஆர்ப்பாட்டம் செய்யாமல் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போவதே அவரது வழக்கம்.

கேள்வி: எம்மிட் ஸ்மித்தா, சாண்டர்ஸா?

பதில்: சாண்டர்ஸின் காலத்தில் டாலஸ் கவ்பாய்ஸின் ரன்னிங் பேக்காக இருந்த ஸ்மித் 15 பருவங்களில் 18,355 யார்டு எடுத்தார், சராசரி ஓர் ஓட்டத்துக்கு 4.2. சாண்டர்ஸின் சராசரி 5.0. ஒரே ஒரு யார்டு வேண்டிய இடத்தில் நான் ஸ்மித்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். மற்ற எல்லா இடத்திலும் சாண்டர்ஸ்.

கேள்வி: அவரது ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1997 அக்டோபரில் டாம்பா பே அணிக்கு எதிரான ஆட்டம். அதில் 80 யார்டுக்குக் குறையாத இரண்டு டச் டவுன் ஓட்டங்களை எடுத்து, மொத்தம் 215 யார்டு ஓடினார். முதல் முறை அவரைப் பாருங்கள். இரண்டாம் முறை அவரைப் பிடிக்க வருபவர்களின் கால்களை மட்டும் கவனியுங்கள்.