யானையைக் கடைசி வரிசையில் கட்டிப்போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது, வங்கி வேலை. செஸ் ரேட்டிங் 1460. போன மாதம் ஒரு ஓபன் போட்டியில் பன்னிரண்டு வயதுப் பையனிடம் தோற்றேன். கடைசியில் ஆளுக்கொரு யானை. அவனிடம் மட்டும் நடுச் சிப்பாய் ஒன்று. பத்திரமாக இருக்கட்டும் என்று யானையை என் பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனேன். 68ஆவது நகர்த்தலில் மேட். "ஆன்ட்டி, கேமைப் பார்க்கலாமா?" என்று கேட்டான். காதில் விழாதது போல எழுந்து வந்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?
- வாசகி, ஈரோடு

பதில்: தேவைதான் சகோதரி. நீங்கள் அனுப்பிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். 52ஆவது நகர்த்தல் வரை அது டிரா. ஒரு சிப்பாய் குறைந்த பிறகும் அத்தனை நேரம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள்.

தப்பு அந்த ஒரு நகர்த்தலில்தான். உங்கள் யானை கடைசி வரிசைக்குப் போனதும் அவன் ராஜா, அவன் பக்கத்திலிருந்து ஆறாம் வரிசைக்கு ஏறிவிட்டது. மேட் மிரட்டல் வந்தபின் யானையால் காவலை விட்டு அசைய முடியவில்லை. ஓரச் சிப்பாய் என்றால் கடைசி வரிசைக் காவலே போதும். நடுச் சிப்பாய்க்குப் போதாது.

பிரான்சு நாட்டுச் செஸ் ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777-லேயே இதற்கு வழி எழுதிவைத்திருக்கிறார். உங்கள் ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே நிற்கட்டும். யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நிறுத்துங்கள். அவன் ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. அங்கேயே இடமும் வலமும் போய் வந்துகொண்டிருங்கள். வேறு வழியில்லாமல் அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவான். தள்ளிய மறு நகர்த்தலிலேயே யானையைப் பலகையின் மறுகோடிக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் கொடுங்கள். ஒளிய அவன் ராஜாவுக்கு முன்னால் இருந்த இடத்தைத்தான் சிப்பாய் அடைத்துக்கொண்டதே!

சிப்பாயைத் தள்ளாமல் இழுத்தடிக்கிறானா? சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இருவரும் ஆளுக்கு 50 நகர்த்தல் ஆடிவிட்டால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் (போட்டி நடுவரிடம்) டிரா கேளுங்கள். ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தல்களை ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து இந்த நிலையை இருபது முறை ஆடுங்கள். கை தானாக மூன்றாம் வரிசைக்குப் போகும்வரை விடாதீர்கள்.

தோற்றதைவிட, அந்தப் பிள்ளை கூப்பிட்டும் உட்காராமல் வந்ததுதான் எனக்கு வருத்தம். ஜெயித்தவன் பெருமையடிக்கக் கூப்பிடவில்லை. ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையில் கூப்பிட்டான். அடுத்த போட்டியில் அவனைப் பார்த்தால், அந்த ஸ்கோர் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய், "தம்பி, 52ஆவது நகர்த்தலைப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள்.