உறையாத தயிரும் ஒரு நோட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தனி ஆள், சமையலும் நானேதான். அன்றாட நிகழ்ச்சிகளிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, ஆறு மாதமாக இரவில் ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு பாடம் எழுதி வருகிறேன். இப்போது புரட்டிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் ‘காலம் யாருக்காகவும் காத்திருக்காது’ என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருந்தது. ‘வாழ்க்கையில் பொறுமை வேண்டும்’ என்று எழுதினேன். சாதாரண நாட்களில் உண்மையிலேயே பாடம் இருக்கிறதா, இல்லை நாமே ஒட்டவைக்கிறோமா?

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரும்பாலும் ஒட்டவைக்கிறோம். நானும் நிறைய ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் தயிர் உறையாததற்கும் பொறுமைக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் இருப்பது ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். இது மார்கழி. உறைமோரில் இருக்கும் நுண்ணுயிரிகள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குகின்றன, அந்தப் புளிப்பில்தான் புரதம் திரண்டு தயிராகிறது. 40, 45 டிகிரி சூடு அவற்றுக்குச் சுகம். கொதிக்கிற பாலில் விட்டால் செத்துப்போகும். குளிரில் சாவதில்லை, சுருண்டு படுத்துக்கொள்ளும். அன்றிரவுக்கு ஒரு பாடம் வேண்டும் என்ற அவசரத்தில் நீங்கள் பாலைப் பார்க்கவே இல்லை.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு தனி அறையில் இருந்தேன். சூடு ஆறும்வரை காத்திருக்காமல் மோரை ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் நீர் தனி, திப்பி தனி. மூன்று நாள் இப்படி. உறைமோர் கொடுத்தவர் பக்கத்துப் போர்ஷன் அம்மா. மூன்றாம் நாள், “தம்பி, விரலை விட்டுப் பாத்தியா?” என்று கேட்டார். சுண்டுவிரலை விட்டால் பத்து எண்ணும்வரை பொறுக்கவேண்டும், அப்போதுதான் ஊற்றலாம் என்றார். அவ்வளவுதான் பாடம். தயிரிலிருந்து தயிர் போடக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. விளக்கு வைத்தபிறகு மோர் கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. நான் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிவிடும். அதனால் பொழுது சாய்வதற்குள்ளேயே ஒரு டம்ளரில் மோரை ஊற்றி, தட்டால் மூடி, என் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவார். அவர் வழக்கத்தையும் மீறவில்லை, எனக்கும் மோர் கிடைத்தது. இதைப் பாடமாக எழுதச் சொன்னால் இன்றும் எனக்கு வராது. எழுதினால் டம்ளர் மறைந்துபோய் ‘அன்பு’ என்றோ ‘மனிதம்’ என்றோ ஒரு சொல் மட்டும் மிஞ்சும். எனக்கு டம்ளர் வேண்டும்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாடத்தை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள். பால் என்ன சூட்டில் இருந்தது, எத்தனை ஸ்பூன் மோர், பாத்திரத்தை எங்கே வைத்தீர்கள் என்று. இன்றிரவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டிலேயே ஊற்றுங்கள், விரல் பொறுக்கவேண்டும், அதுதான் கணக்கு. அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் விடுகிறவராக இருந்தால் இரண்டாக்குங்கள். பழைய துண்டில் சுற்றி ஹாட் பாக்ஸுக்குள் வையுங்கள். நடுராத்திரி எழுந்து ஆட்டிப் பார்க்காதீர்கள் (நான் பார்த்திருக்கிறேன்). உறைமோர் தீர்ந்துபோனால் நாலைந்து மிளகாய்க் காம்பைப் போட்டும் பார்க்கலாம். முதல் தடவை தளர்வாகத்தான் வரும், அடுத்த தடவைக்கு அதுவே உறை.

அப்புறம் அந்த பஸ். காலம் காத்திருக்காது, சரி. பஸ் எத்தனை மணிக்கு? நீங்கள் வீட்டைப் பூட்டியது எத்தனை மணிக்கு? அதற்கு முந்தின பத்து நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதை எழுதவில்லையே.